பாமினிக் கோப்புகளும் பாவிக்காத ஸ்டைல்களும்

நீளமான பதிவுதான். பாடசாலைக் காரியாலயத்திலோ பள்ளிவாசல் நிர்வாகத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பழைய வேர்ட் கோப்புகளைப் பொறுப்பாக வைத்திருப்பவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

இப்போது எல்லா இடத்திலும் ஒரு துப்புரவு வேலை நடக்கிறது. பழைய கோப்பைத் திறந்தால் வலது பக்கத்து ஸ்டைல் பட்டியல் முடியவே முடியாமல் கீழே போகிறது. யார் வைத்த பெயர்கள் என்று தெரியாது. தலைப்பு ஒன்றைப் பெரிதாக்கினால் வேறெங்கோ ஒரு பந்தி தடிப்பாகிறது. கோப்பு திறக்கவும் நேரமெடுக்கிறது. இளம் ஆசிரியர்கள் யூடியூப்பில் தேடிப் பார்க்கிறார்கள். "பாவிக்காத ஸ்டைல்களை அழியுங்கள், எல்லா போர்மட்டையும் துடையுங்கள், கோப்பு புதிதாகிவிடும்" என்று அங்கே சொல்கிறார்கள். ஆங்கிலக் கோப்புக்கு அது நல்ல ஆலோசனை. 2000களில் வன்னியிலும் வவுனியாவிலும் புத்தளத்திலும் தமிழில் தட்டச்சான கோப்புக்கு அது ஆபத்தானது. ஏன் என்று விளங்க, எழுத்து கணனிக்குள் வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தப் பிரச்சினை வரவே இல்லை. 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை தொடங்கிய நாளிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு, அச்சகத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு உலோகத் துண்டு. பெரிய தலைப்பு எழுத்துக்கு ஒரு தட்டு, சிறிய எழுத்துக்கு இன்னொரு தட்டு. பக்கம் அச்சாகி முடிந்ததும் கோத்த எழுத்தைப் பிரித்து, கழுவி, அந்தந்த அறையில் திரும்பப் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் நாளைய பக்கத்துக்கு 'க' இருக்காது. யாரும் ஒழுக்கத்துக்காகச் செய்யவில்லை, ஈயம் போதாது என்பதால் செய்தார்கள். கணனியில் எதுவும் தீர்ந்துபோவதில்லை. ஆகவே எவரும் எதையும் திரும்பப் போடுவதுமில்லை.

அதற்குப் பிறகு தட்டச்சுப் பொறியும் ரோணியோவும். எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு ரோணியோ மையின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கும். தட்டச்சில் ஒரே எழுத்து, ஒரே அளவு. தலைப்பு என்றால் நடுவுக்கு வரும்வரை இடைவெளிக் கட்டையைத் தட்டுவது, அடிக்கோடு போடுவது, அவ்வளவுதான். இதே கைகள்தான் பின்னர் கணனிக்கு வந்தன. நம் பழைய கோப்புகளில் தலைப்பை நடுவில் நிறுத்த இருபத்தைந்து இடைவெளிகள் இருப்பதற்கும், அடுத்த பக்கத்துக்குப் போக எண்டர் வரிசையாகத் தட்டியிருப்பதற்கும் காரணம் இதுதான். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். தட்டச்சில் அதுதான் சரியான முறை.

ஸ்டைல் என்ற எண்ணம் வேறோர் உலகத்தில் பிறந்தது. 1974இல் அமெரிக்காவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பட்லர் லாம்ப்ஸனும் சார்ல்ஸ் சிமோனியும் பிராவோ என்றொரு எழுத்துச் செயலியைச் செய்தார்கள். திரையில் தெரிவதே தாளில் வரும் என்பதில் அது முன்னோடி. சிமோனி 1981இல் மைக்ரோசொப்டுக்குப் போனார், 1983இல் வேர்ட் வந்தது. எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயரின் கீழே கட்டிவைத்து, அந்தப் பெயரை மட்டும் பந்திக்குக் கொடுப்பது ஸ்டைல். பெயரின் வரையறையை மாற்றினால் நூறு பக்கமும் ஒரே நேரத்தில் மாறும். இந்த ஏற்பாட்டின் அடியில் எவரும் சொல்லாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு, தோற்றத்தை முழுக்கக் கழற்றினாலும் எழுத்து அப்படியே நிற்கும் என்பதுதான் அது. ஆங்கிலத்துக்கு அது உண்மை.

நமக்கு அப்போது அது உண்மையாக இருக்கவில்லை. யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நாம் பாவித்த விண்டோஸில் தமிழ் யுனிகோட் வேலைசெய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000 உடன்தான், லதா எழுத்துருவோடு. அதுவரை எவர் காத்திருப்பார்? ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். தமிழ்நாட்டில் பலவிதம், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி ராஜாவாக இருந்தது. விசைகளின் ஒழுங்கு தட்டச்சுப் பொறியோடு ஒத்துப்போனதால் பழைய தட்டச்சாளர்களுக்குப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இன்றும் போஸ்டர் அடிக்கும் இடங்களில் அதுதான்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணனி உள்ளே வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. சிறிய ஜேயின் இடத்தில் 'த' வரையப்பட்டிருக்கிறது, கேயின் இடத்தில் 'ம', பியின் இடத்தில் இகர விசிறி, ஓவின் இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. கணனிக்கு இது தமிழ் என்று தெரியாது. தமிழ் என்ற செய்தி எழுத்தில் இல்லை, அதன்மேல் போர்த்தியிருக்கும் எழுத்துருவில் இருக்கிறது. நம் மூத்தவர்கள் அரபுத்தமிழ் எழுதினார்களே, கண்ணுக்கு அரபு, வாய்க்குத் தமிழ். பாமினி அதன் மறுபக்கம்: கண்ணுக்குத் தமிழ், வயிற்றுக்குள் ஆங்கிலம். அரபுத்தமிழில் எழுதியதை இன்று வாசிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த எழுத்துரு எங்கள் பக்கம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஸ்டைல் குவிந்ததன் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. 90களில் பெருநிலப்பரப்பில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில். தட்டச்சு வேலை என்றால் வவுனியாவுக்கு வர வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நாங்கள் புத்தளத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் கோப்புகளை அடித்தோம். 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. நிறுவனங்கள் வந்தன, அவற்றோடு கணனிகளும் ஜெனரேட்டர்களும். 2004 டிசம்பரில் சுனாமி முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனபின் படிவங்களுக்குக் கணக்கே இல்லை. எவரும் புதுக் கோப்பு தொடங்கியதில்லை. போன வருடத்துக் கோப்பைத் திறந்து, பெயரையும் திகதியையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்போம். கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபத்திலிருந்து ஒரு அட்டவணையை வெட்டி ஒட்டுவோம். அதோடு சிங்கள எழுத்துரு எஃப்.எம். அபயாவும் ஒட்டிக்கொண்டு வரும், அந்தக் காரியாலயத்தின் ஸ்டைல் பெயர்களும் வரும். ஒட்டிய அட்டவணையைப் பிறகு அழித்தாலும் பெயர்கள் போகாது.

எங்களிடம் அப்படியொரு கோப்பு இருக்கிறது. 1990இல் எங்கள் ஊரில் இருந்த குடும்பங்களின் இடாப்பு. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், அடையாள அட்டை இலக்கம், காணி எந்தப் பக்கம், கிணறு இருந்ததா, பள்ளிவாசலுக்கு எந்தத் திசையில் வீடு. வெளியேறியபோது எவரும் உறுதியையும் பெர்மிட்டையும் தேடி எடுக்கவில்லை. புத்தளத்து முகாமில் மூத்தவர்கள் சுற்றி உட்கார்ந்து நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, ஒரு தம்பி கொப்பியில் எழுதி, பிறகு கடையில் அடித்தது. 2009க்குப் பின் திரும்பிவந்தபோது மீள்குடியேற்ற விண்ணப்பங்களுக்கு அடிப்படையே இந்த இடாப்புதான்.

அதன் ஸ்டைல் பட்டியலில் 163 பெயர்கள் இருந்தன. உண்மையில் பந்திகளில் இருந்தது 14. மிச்சத்தை வாசித்தால் கோப்பு போய்வந்த பாதை தெரிகிறது. ஒரு நிறுவனத்தின் அட்டவணை ஸ்டைல்கள், எந்த மொழி என்று பிடிபடாத இரண்டு பெயர்கள், சிங்களச் சுற்றுநிருபத்தின் மிச்சம், இணையத்தில் கொப்பி பண்ணியதற்குச் சாட்சியாக 'நோர்மல் வெப்'. பிறகு அந்த வேடிக்கையான 'சார் சார் சார்' வால்கள். வேர்ட் 2002, 2003 காலத்தில் பந்தியின் ஒரு துண்டுக்கு மட்டும் பந்தி ஸ்டைலைக் கொடுத்தால், வேர்ட் தானாகவே 'சார்' என்ற வால் வைத்த ஒரு ஸ்டைலை மறைவாக உண்டாக்கும். கோப்புக்குக் கோப்பு ஒட்ட ஒட்ட வால் நீளும். குரங்கு மரத்தில் ஏறும் கணக்கு.

இதை மென்பிரதியாகக் கேட்ட ஒரு காரியாலயத்துக்குக் கொடுத்தோம். அங்கே யாரோ நல்ல மனதோடு 'துப்புரவு' செய்து, அதே பெயரில் சேமித்துத் திருப்பித் தந்தார்கள். நம் கையிலிருந்த பென்டிரைவ் பிரதியின் மேலேயே அது ஏறிவிட்டது. திறந்தால் பாதிக்கு மேல் ஆங்கிலக் குப்பை.

இரண்டு விஷயம் நடந்திருந்தது. முதலாவது, பாவனையில் இல்லை என்று கருதி ஒரு ஸ்டைலை அழித்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு பந்திகூட இருக்கவில்லை, உண்மைதான். ஆனால் வேறு மூன்று ஸ்டைல்கள் அதை அடிப்படையாக வைத்து உண்டாக்கப்பட்டிருந்தன. பாமினி என்ற கட்டளை தாயில் மட்டும்தான் எழுதியிருந்தது, பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. தாயை அழித்ததும் மூன்றும் 'நோர்மல்' ஸ்டைலின் கீழே போயின. நோர்மலில் இருந்தது டைம்ஸ் நியூ ரோமன். பதினெட்டுப் பக்கம் ஒரு நொடியில் ஜே, கே, பி, ஓ ஆனது. வேர்ட் காட்டும் 'பாவனையில் உள்ளவை' என்ற பட்டியலும் நம்பக்கூடியதல்ல. எப்போதோ தொட்டதையும் அது பாவனை என்கிறது, தாயாக மட்டும் இருப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ('பாவனையில் இல்லை' என்ற சொல்லில் எங்களுக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. இருபது வருடம் ஆள் போகாத காணி காடாகி, வடக்கில் சில இடங்களில் வன இலாகாவின் எல்லைக்குள்ளேயே போய்விட்டது. அதைப் பற்றி வேறொரு நாள்.)

இரண்டாவது, மீதிப் பகுதியில் 'எல்லா போர்மட்டையும் துடை' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இதுதான் பெரிய அடி.

பாமினியைத் திரும்பப் போர்த்தினால் சரியாகிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். போர்த்தினால் தமிழ் திரும்பி வரும். எழுத்துகள் எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்தக் கோப்பு முழுக்கத் தமிழாக இருக்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து ஆங்கிலம். பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கமும் ஒரு வீ அல்லது எக்ஸும். பாமினியில் பெரிய வீயின் இடத்தில் இருப்பது 'ஏ', எக்ஸின் இடத்தில் 'ஓ'. முழுக் கோப்பையும் தெரிவுசெய்து பாமினி கொடுத்தபோது எங்கள் ஊரில் எல்லோருடைய அடையாள அட்டையும் 'ஏ' என்று முடிந்தது. ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் 'இ' இருப்பதால், பெயருக்குப் பெயர் நடுவே ஓர் 'இ' முளைத்தது. காதர்இ காசிம்இ என்று.

எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்கு அந்தக் கோப்பில் ஒரே சாட்சிதான் இருந்தது: இந்தத் துண்டு பாமினி, இந்தத் துண்டு டைம்ஸ் என்று சொன்ன போர்மட். அதைத் துடைத்தபின் இரண்டும் ஒரே எழுத்துக் குவியல். எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

பாமினியிலேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. விடக்கூடாது. பாமினிக் கோப்பில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் குப்பைதான் தெரியும். பார்வையற்ற பிள்ளைகள் பாவிக்கும் திரைவாசிப்பு மென்பொருள் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும். இலங்கையில் 2003இல் தகவல் தொழில்நுட்பத்துக்கான சட்டம் வந்து ஐ.சி.டி.ஏ. நிறுவனம் உண்டானது, 2008இல் தமிழுக்கான நியமம் எஸ்.எல்.எஸ். 1326 வந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோட்டை ஏற்றது. ஆனாலும் பத்திரிகைகளும் அச்சகங்களும் பேஜ்மேக்கரை விடமுடியாததால் பாமினியையும் விடவில்லை. பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தமிழ் தெரியாது. நியமம் வந்துவிட்டது, நம் மேசைக்கு அது வந்துசேரப் பல வருடம் எடுத்தது. சுரதாவின் எழுத்துருமாற்றி போன்ற, தனி மனிதர்கள் செய்து இலவசமாகத் தந்த கருவிகள் இல்லாவிட்டால் எத்தனையோ எழுத்து இன்று வாசிக்க முடியாமல் போயிருக்கும்.

ஆகவே செய்யவேண்டியதுதான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றம், அதன்பின் துப்புரவு. கோப்பைப் பிரதி எடுத்து மூலத்தைத் தொடாமல் வையுங்கள். தேடும் பெட்டியில் சொல் எதுவும் கொடுக்காமல் எழுத்துருவை மட்டும் பாமினி என்று கொடுத்துத் தேடினால், பாமினி போர்த்திய துண்டுகள் மட்டும் அகப்படும். அவற்றுக்கு மட்டும் ஒரு நிறம் கொடுங்கள். வேறு தமிழ் எழுத்துருக்கள் கலந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் உள்ளே வேறு ஒழுங்கு இருக்கலாம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மாற்றினால் குழம்பும். மேல்தலைப்பு, அடிக்குறிப்பு, பெட்டிக்குள் எழுதியவை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள், அங்கேதான் தப்பிப்போகும். நிறமிட்ட துண்டுகளை மாற்றியில் போட்டு எடுத்தபின், ஒரு பக்கத்தையாவது மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். குறிப்பாக கெ, கே, கொ, கோ. தட்டச்சில்போல பாமினியில் கொம்பு முதலில் வரும், யுனிகோட்டில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றி பிசகினால் இந்த இடத்தில்தான் பிசகும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் ஸ்டைல் பட்டியலுக்கு வரவேண்டும். ஒவ்வொரு ஸ்டைலின் மேலும் வலது கிளிக் செய்தால் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று காட்டும். ஒன்றுமில்லை என்று காட்டினாலும், அதை அடிப்படையாக வைத்த பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். நோர்மல், ஹெடிங் போன்ற பிறவி ஸ்டைல்கள் அழியாது, அழித்தாலும் பழைய வரையறையோடு திரும்பி வரும், அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொன்று: யுனிகோட் தமிழ் எந்த எழுத்துருவில் தெரியவேண்டும் என்பதை வேர்ட் வேறோர் இடத்தில் எழுதிவைக்கிறது, ஆங்கில எழுத்துருவுக்கான இடத்தில் இல்லை. ஸ்டைலில் ஆங்கில இடத்தில் பாமினி கிடந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும், ஆனால் நடுவே வரும் ஆங்கிலச் சொல் தமிழ்க் குப்பையாகத் தெரியும். வேர்ட் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு டீச்சர் அண்மையில் எங்களிடம் கொண்டுவந்த கோப்பில் இதுதான் நடந்திருந்தது.

எங்கள் இடாப்பை இப்படி மூன்று கிழமையாகச் சீர்செய்தோம். பழைய போட்டோக்கொப்பியில் முதல் நான்கு பக்கம் கிடைத்தது. அடையாள அட்டை இலக்கங்கள் சுலபம், ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் வரும் 'ஏ' வீதான். சொல்லின் கடைசியில் ஒட்டிய 'இ' காற்புள்ளிதான், தமிழில் சொல் அப்படி முடியாது. ஸ்டைல்கள் 163இலிருந்து 9க்கு வந்தன. கோப்பு இப்போது கைத்தொலைபேசியிலும் திறக்கிறது, பெயர் தேடினால் கிடைக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

தலைப்பெழுத்துகள்தான் மிச்சம். அடித்த தம்பி சில பெயர்களுக்குத் தலைப்பெழுத்தைத் தமிழிலும், சிலவற்றுக்கு அடையாள அட்டையில் இருந்தபடி ஆங்கிலத்திலும் அடித்திருக்கிறார். பாமினியில் பெரிய கேயின் இடத்தில் இருப்பது 'மு', பெரிய எம்மின் இடத்தில் 'ஆ'. ஆகவே இன்று 'மு.' என்று நிற்கும் பெயர் முஹம்மதுவின் மகனாகவும் இருக்கலாம், காதரின் மகனாகவும் இருக்கலாம். 'ஆ.' என்பது ஆதமாகவும் இருக்கலாம், முஸ்தபாவாகவும் இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்த ஊர், வாப்பாவின் எழுத்தை வைத்துத்தான் காணி யாருடையது என்று பிரிக்க வேண்டும். சொல்லித் தந்த மூத்தவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

'மு.' என்று 11 பெயர், 'ஆ.' என்று 6 பெயர் தீராமல் நிற்கின்றன. அவற்றை இங்கே பகிரங்கமாகப் போடவில்லை. 1990க்கு முன் ஊரில் இருந்த குடும்பத்தவர்கள், இப்போது புத்தளத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும், உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரையும் அவருடைய வாப்பாவின் முழுப்பெயரையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ் அல்லது நிக்காஹ் பதிவின் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழில் அடித்து அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து யுனிகோட்டில்.